சருமத்தை நேரில் அழைத்து வரவும்

அதைக் கடை என்று சொல்லக் கூடாது. சொன்னால் வாசலில் நிற்கும் காவலாளிக்கே முகம் சுண்டிப்போகும். அது 'இல்லம்'. அங்கே முகப்பூச்சு விற்பனை என்று எதுவும் நடப்பதில்லை, 'ஒப்படைப்பு' நடக்கும். விலை என்பது அங்கே கெட்ட வார்த்தை, அதற்குப் பெயர் 'பங்களிப்பு'. வாங்க வருகிறவர்களுக்கு வாடிக்கையாளர் என்ற பெயரும் கிடையாது. அவர்கள் எல்லோரும் 'சருமங்கள்'. "காலையிலிருந்து எத்தனை சருமம் வந்துச்சு?" என்றுதான் உள்ளே இருப்பவர்கள் பேசிக்கொள்வார்கள்.

இந்த மரியாதைகள் ஒன்றும் அது இருக்கும் வணிக வளாகத்து லிஃப்ட் மெக்கானிக்குக்குத் தெரியாது. வேலைக்கு நடுவே கிரீஸைத் துடைத்துவிட்டு வந்த மனிதர், கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போய், "அந்த வெள்ளை டப்பா ஒண்ணு குடுங்க" என்று கேட்டுவிட்டார். மருந்துக் கடையில் தலைவலி மாத்திரை கேட்கிற தோரணை. உள்ளே இருந்த நாலைந்து பேர் மெதுவாகத் திரும்பிப் பார்த்தார்கள். ஒருவர் முகத்திலும் ஒரு தசைகூட அசையவில்லை. கோபமா, சிரிப்பா என்று அவருக்குப் பிடிபடவில்லை.

அவர் ஏன் அங்கே போனார் என்பதைச் சொல்லிவிடுகிறேன். அவருடைய மனைவி அதே வணிக வளாகத்தில், இல்லத்துக்கு நேர் எதிரே இருக்கும் செருப்புக் கடையில் பல வருஷம் வேலை பார்த்தவள். வருகிறவர்கள் காலடியில் குந்தி உட்கார்ந்து செருப்பு மாட்டிவிட்டு நிமிர்ந்தால், எதிர்க் கண்ணாடிக்குள் அந்த டப்பா தெரியும். அதற்கென்று தனி மேடை, தனி விளக்கு. கூட்டம் இல்லாத மத்தியானங்களில் செருப்புக் கடைப் பெண்களுக்கு அதுதான் பொழுதுபோக்கு. உள்ளே முத்துப் பொடி என்பாள் ஒருத்தி. சும்மா காலி டப்பாதான், பாக்குறவங்களை வெறுப்பேத்த வச்சிருக்காங்க என்பாள் இன்னொருத்தி. "ஒரு நாளைக்குப் பாத்துடணும்டி" என்பாள் இவள்.

அந்த ஒரு நாள் வருவதற்குள் நோய் வந்துவிட்டது. ஆஸ்பத்திரியில் என்னென்னவோ ஏற்றினார்கள், எடுத்தார்கள். கடைசியில், "இனிமே வீட்லயே வச்சுப் பாத்துக்கோங்க" என்று டாக்டர் சொன்னார். அவர் அதைச் சொல்லும்போது ஜன்னலைப் பார்த்துக்கொண்டு சொன்னார். அதற்கு என்ன அர்த்தம் என்று இரண்டு பேருக்கும் தெரிந்தது.

வைத்தியத்தில் அவள் தோல் காய்ந்து, செதில் செதிலாக உரிந்தது. மருந்துக் கடையில் வேலை பார்க்கும் அவள் தங்கை ஒரு களிம்பு கொண்டுவந்து தடவிவிட்டுப் போவாள். ஒரு காலையில் லிஃப்ட் மெக்கானிக் மனைவியின் பக்கத்தில் உட்கார்ந்து, "உனக்கு என்ன வேணும், சொல்லு" என்று கேட்டார். யாரையாவது பார்க்க வேண்டும் என்பாள், எங்கேயாவது போக வேண்டும் என்பாள் என்று நினைத்திருந்தார்.

அவள் நன்றாக யோசித்தாள். "அந்த டப்பாக்குள்ள என்ன இருக்குன்னு பாக்கணுங்க."

"அது போதுமா?"

"போதும். நெஜமாவே நல்லாருக்கா, இல்ல ஊரை ஏமாத்தறாங்களா? அது தெரியாமப் போனா எனக்கு மனசு ஆறாது."

தங்கைக்குப் பொறுக்கவில்லை. "அக்கா, என்னைக் கேளு, நான் சொல்றேன். தண்ணி, எண்ணெய், மெழுகு, வாசனை. நான் கொண்டுவர்ற களிம்புலயும் அதேதான் இருக்கு. மாமா, நீங்களும் இதுக்குத் தலையாட்டாதீங்க."

"நீ சொல்றே. நான் பாக்க வேண்டாமா?" என்றாள் அக்கா.

அதனால்தான் அவர் போனார். இல்லத்தில் அவரை உட்கார வைத்து, கால் டம்ளர் தண்ணீரில் ஒரு பூவிதழ் மிதக்கவிட்டுக் கொடுத்தார்கள். ஆலோசகி என்று ஒரு இளம்பெண் வந்து எதிரில் உட்கார்ந்தாள். பேசும்போது அவள் உதடு மட்டும் அசைந்தது, மற்றதெல்லாம் வரைந்து வைத்தது மாதிரி இருந்தது.

"இது உங்க சருமத்துக்கா சார்?"

"இல்லம்மா, என் வீட்டுக்காரிக்கு."

"அப்ப சருமத்தை நேர்ல கூட்டிட்டு வாங்க. பாக்காத சருமத்துக்கு நாங்க ஒப்படைக்கறதில்லை."

"அவளால எழுந்து நடக்க முடியாதும்மா. ரொம்ப முடியலை."

"சருமம் நடக்கணும்னு அவசியம் இல்லை சார். வந்தாப் போதும்."

திறக்காத கதவுகளோடு மல்லுக்கட்டுவதே அவருடைய பிழைப்பு. எங்கே தட்டினால் திறக்கும், எங்கே தட்டக் கூடாது என்பது அவர் கைக்குத் தெரியும். ஆனால் இந்தக் கதவுக்குக் கீல் எங்கே இருக்கிறது என்றே தெரியவில்லை. மறுபடி ஒரு தடவை போய் டாக்டரின் பெயரைச் சொன்னார். மூன்றாம் தடவை கெஞ்சினார். ஒவ்வொரு தடவையும் பூவிதழ் போட்ட தண்ணீர் வந்தது, அதே பதிலும் வந்தது. வீட்டில் அவள் சோறு பாதியாகி, கஞ்சியாகி, கஞ்சியும் இரண்டு கரண்டியாகிக்கொண்டிருந்தது.

கடைசியில் ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு சக்கர நாற்காலியை இரவல் வாங்கி, மனைவியைப் போர்வையில் சுற்றி உட்கார வைத்து, சருமத்தை நேரில் அழைத்துப் போனார்.

செருப்புக் கடைப் பெண்கள் வாசலுக்கு ஓடிவந்து கை ஆட்டினார்கள். அவளும் ஆட்டினாள். முதல் தடவையாக அந்தக் கண்ணாடிக்கு உள்ளே இருந்து செருப்புக் கடையைப் பார்த்தாள். "ஏங்க, இங்கேருந்து பாத்தா நம்ம கடை எவ்ளோ சின்னதா இருக்கு" என்றாள்.

முதலில் சருமம் அமைதியடைய வேண்டும் என்று ஒரு வெளிச்சம் குறைந்த அறையில் வெகு நேரம் உட்கார வைத்தார்கள். அமைதியடைந்ததா என்று பார்க்க ஒருத்தி வந்து போனாள். இன்னும் அடையவில்லை என்று சொல்லிவிட்டுப் போனாள். பிறகு 'செவிமடுத்தல்' நடந்தது. ஆலோசகி ஒரு சின்னக் கண்ணாடிக் கிண்ணத்தை அவள் கன்னத்தில் கவிழ்த்து வைத்து, அதன்மேல் காதை வைத்துக் கண்களை மூடிக்கொண்டாள்.

"உங்க சருமம் தாகமா இருக்குன்னு சொல்லுது மேடம்."

"நானும் வந்ததுலேருந்து அதையேதான் சொல்றேன். யாராவது பூ போடாத தண்ணி ஒரு டம்ளர் குடுங்க."

அதற்கு அங்கே ஏற்பாடு இல்லையாம். லிஃப்ட் மெக்கானிக் வெளியே போய் வாங்கிக்கொண்டு வந்தார். திரும்பி வந்தபோது ஆலோசகி அடுத்த கேள்வியில் இருந்தாள்.

"அஞ்சு வருஷம் கழிச்சு உங்க சருமம் எப்படி இருக்கணும்னு ஆசைப்படறீங்க?"

கணவனும் மனைவியும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அவர் சட்டென்று குனிந்து நாற்காலிச் சக்கரத்தைச் சரிபார்க்க ஆரம்பித்தார். அதில் சரிபார்க்க ஒன்றும் இல்லை.

"இருந்தாப் போதும்மா" என்றாள் அவள்.

'சருமம் தன்னை ஏற்றுக்கொண்டுள்ளது' என்று ஆலோசகி முடிவு சொன்னாள். அப்படிச் சொல்லிவிட்டால் இயக்குநர் நேரில் வருவாராம். வந்தார். நெற்றி, கன்னம் எல்லாம் இஸ்திரி போட்டது மாதிரி இருந்த மனிதர். வயது இருபதா அறுபதா என்று சொல்ல முடியாது. சக்கர நாற்காலியையோ, போர்வையையோ, முடி உதிர்ந்த தலையையோ அவர் பார்த்ததாகத் தெரியவில்லை. கன்னத்தை மட்டும் பார்த்துப் பேசினார்.

"மேடம், இது குடுக்கற காசுக்குத் தகுமான்னு ஊரே கேக்குது. நான் மறைக்க மாட்டேன், உள்ளதைச் சொல்லிடறேன். முன்ன ஒரு தடவை பங்களிப்பைப் பாதியாக் குறைச்சோம், ஏழை எளியவங்களும் பூசிக்கட்டுமேன்னு. ஒருத்தருக்கும் வேலை செய்யலை. சுருக்கம் அப்படியே இருக்கு, அரிக்குது, எரியுதுன்னு ஒரே புகார். உடனே ரெண்டு மடங்கா ஏத்தினோம். அடுத்த வாரமே எல்லா முகமும் பளபளன்னு ஆயிடுச்சு. டப்பாக்குள்ள ஒரு சொட்டு மாத்தலை. இதைத்தான் நாங்க அறிவியல்னு சொல்றோம்."

பிறகு ஆலோசகி எழுந்து நின்று விதிகளை ஒப்பித்தாள். ஒரு மாதத்துக்குச் சருமம் சிரிக்கக் கூடாது. அழக் கூடாது. நெற்றியைச் சுருக்கக் கூடாது. வெயிலில் போகக் கூடாது. கண்ணீரில் உப்பு இருப்பதால் அடுத்தவர் கண்ணீரும் மேலே படக் கூடாது. முகம் அசையாமல் இருந்தால்தான் பொருள் வேலை செய்யும்.

"மொகம் அசையாமயே இருந்துட்டா அப்புறம் பொருள் எதுக்கும்மா?" என்று அவள் கேட்டாள். நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்.

ஆலோசகி இயக்குநரைப் பார்த்தாள். இயக்குநர் கூரையைப் பார்த்தார். "இதுவரைக்கும் எந்தச் சருமமும் அப்படிக் கேட்டதில்லை" என்றார்.

பங்களிப்பு ஒரு மடித்த அட்டையில், தட்டில் வைத்துத் துணி போட்டு மூடி வந்தது. லிஃப்ட் மெக்கானிக் துணியைத் தூக்கிப் பார்த்துவிட்டு மூடினார். ஸ்கூட்டரை விற்ற பணம் பையில் இருந்தது. "எவ்ளோங்க?" என்று மனைவி கேட்டாள். "நான் நெனச்சதைவிடக் கம்மிதான்" என்றார். அவர் வாழ்க்கையில் சொன்ன பொய்களில் நா கூசாமல் சொன்னது அது ஒன்றுதான்.

வீட்டுக்கு வந்து பிரித்தார்கள். பைக்குள் பெட்டி, பெட்டிக்குள் பட்டுத் துணி, அதற்குள் இன்னொரு பெட்டி. தங்கை கடைக்குப் போகாமல் கதவோரம் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். மூடியைத் திறந்தால் டப்பாவுக்குள் இன்னொரு சின்னக் கிண்ணம். வெளியே பார்க்கக் கைப்பிடி அளவு இருந்தது, உள்ளே ஒரு நெல்லிக்காய் அளவுதான் இருந்தது. அவள் விரல் நுனியில் தொட்டாள். மோந்து பார்த்தாள். கன்னத்தில் இழுத்துவிட்டுக்கொண்டு காத்திருந்தாள். அவர் மூச்சைப் பிடித்துக்கொண்டு அவள் முகத்தையே பார்த்தார்.

"இவ்ளோதானா?" என்றாள்.

அவ்வளவுதான், சிரிப்பு பிடித்துக்கொண்டது. முதலில் மூக்கால் சிரித்தாள். பிறகு தோள் குலுங்கச் சிரித்தாள். "இதுக்கா இத்தனை வருஷம் எட்டி எட்டிப் பாத்தேன்? இதுக்கா அவளுங்களோட பந்தயம் கட்டினேன்?" கண்ணோரத்தில், வாயோரத்தில், நெற்றியில் என்று முகத்தில் இருந்த கோடெல்லாம் கிளம்பி வந்தது. மாதக் கணக்கில் அந்த வீட்டில் யாரும் அப்படிச் சிரித்துக் கேட்டதில்லை. இருமல் வந்து நிறுத்தும்வரை சிரித்தாள். அவரும் சிரித்தார். நடுவில் எப்போதோ அது அழுகையாகிவிட்டது. அவர் கண்ணீர் அவள் கன்னத்துக் களிம்பின் மேலேயே விழுந்தது.

"நான் அன்னைக்கே சொன்னேன்" என்றாள் தங்கை. ஆனால் அவள் குரலில் சண்டை இல்லை.

இருமல் அடங்கியதும் அவர் கேட்டார். "வீணாப் போச்சா?"

"இல்லீங்க. இதை வாங்காமப் போயிருந்தா, அது ஏதோ பெருசா இருக்கும், நமக்குத்தான் கிடைக்கலைன்னு நெனச்சுக்கிட்டே போயிருப்பேன். இப்ப அப்படி இல்ல. நான் ஒண்ணையும் தவற விடலை."

அதற்கப்புறம் தினமும் சாயங்காலம் அவர்தான் அவள் முகத்தில் தடவிவிட்டார். "பங்களிப்பு பூசறீங்களா?" என்று கேட்டுவிட்டு அவள் சிரிப்பாள். பேச முடியாமல் போன பிறகும், டப்பாவைப் பார்த்தால் வாயோரம் லேசாகக் கோணும். அந்தக் கோணலுக்காகவே அவர் டப்பாவை எடுத்துக்கொண்டு வருவார். ஒரு விடியற்காலையில் அவள் போய்விட்டாள். எடுத்துப் போவதற்கு முன்னால், மிச்சம் இருந்ததையும் வழித்து அவள் முகத்தில் பூசிவிட்டார். தங்கை டப்பாவைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

துக்கம் கேட்க வந்தவர்கள் வந்து போனார்கள். பிறகு வருவது நின்றது. வேலைக்குப் போனால், கூட வேலை செய்கிறவர்கள் அவர் எதிரில் மனைவி என்ற சொல்லையே எடுக்காமல் சுற்றி வளைத்துப் பேசினார்கள். அந்த நேரத்தில்தான் இல்லத்திலிருந்து போன் வந்தது. "ஒரு மாசம் முடிஞ்சுடுச்சு சார். உங்க வீட்டுச் சருமம் எப்படி இருக்கு? மீளாய்வுக்கு வாங்க."

போயிருக்க வேண்டியதில்லை. ஆனால் அவளைப் பற்றிக் கேட்பதற்கு உலகத்தில் ஒரு இடமாவது பாக்கி இருக்கிறதே என்று தோன்றியது. அதற்காகவே சட்டையை மாற்றிக்கொண்டு போனார்.

இயக்குநரும் ஆலோசகியும் மேஜைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தார்கள்.

"சார், அவ வந்து..." என்று ஆரம்பித்தார் லிஃப்ட் மெக்கானிக்.

"வரிசை தப்பக் கூடாது சார். கேள்வி முடியட்டும், அப்புறம் உங்க கருத்து" என்றார் இயக்குநர். "சருமம் சிரிச்சுதா?"

"ஆரம்பத்துல சிரிச்சா. இப்ப இல்ல."

"அழுகை?"

"இல்ல."

"நெத்தி சுருக்கறது, கோவப்படறது?"

"அதுவும் இல்ல சார்."

"வெயில்ல அலையறாங்களா?"

"வெளிய வர்றதே இல்ல."

"தூக்கம்?"

"தூக்கம்தான்" என்றார்.

இயக்குநர் நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டார். "கோடு? அன்னைக்கு வாயோரத்துல, கண்ணோரத்துல ஆழமா இருந்துச்சே?"

"எல்லாம் போயிடுச்சு சார். கடைசியாப் பாத்தப்ப ஒரு கோடு இல்ல. வழவழன்னு இருந்துச்சு."

இயக்குநர் எழுந்து நின்றுவிட்டார். இல்லத்தின் சரித்திரத்தில் எந்தச் சருமத்துக்காகவும் அவர் நாற்காலியை விட்டு எழுந்ததில்லையாம்.

"இதுதான். இதுக்குத்தான் நாங்க இத்தனை வருஷம் காத்துக்கிட்டிருந்தோம். எங்ககிட்ட வர்ற சருமங்க எல்லாம் நல்ல சருமங்கதான் சார், ஆனா கட்டுப்பாடு கிடையாது. பாதியில எதையாவது பாத்து சிரிச்சுடுது. கொழந்தைக்குக் காய்ச்சல்னு கவலைப்படுது. யாராவது போயிட்டாங்கன்னு அழுவுது. அப்புறம் எங்க பொருளைக் குத்தம் சொல்லுது. வாழறதையும் விட மாட்டேன், கோடும் விழக் கூடாதுன்னா எப்படி? உங்க வீட்டுச் சருமம் மாதிரி எல்லாரும் இருந்துட்டா எங்களுக்குக் கெட்ட பேரே வராது. அவங்களைக் கூட்டிட்டு வாங்க. ஒரு விழா எடுத்து, மத்த சருமங்களுக்கு எல்லாம் காட்டணும்."

"செத்துப்போயிட்டா சார்" என்றார் லிஃப்ட் மெக்கானிக்.

ஆலோசகியின் கீழுதடு நடுங்கியது. "முகம்" என்றார் இயக்குநர் அவளிடம், தணிந்த குரலில். அவள் குனிந்துகொண்டாள்.

"அந்தக் கோடெல்லாம் நான் போட்டது சார்" என்றார் லிஃப்ட் மெக்கானிக். "கல்யாணம் ஆன புதுசுல மொகத்துல ஒண்ணும் கிடையாது அவளுக்கு. நான்தான் ஏதாவது கிறுக்குத்தனம் பண்ணுவேன், அவ சிரிப்பா. சம்பளம் பத்தாம நெத்தியைச் சுருக்குவா, அதுவும் என்னாலதான். கண்ணோரத்துல இருந்தது மட்டும் அத்தனையும் சிரிச்சது. அன்னைக்குக் காலையில பாக்கறேன், ஒண்ணுகூட இல்ல. யாரோ மாதிரி இருந்தா. எனக்கு அது வேணும் சார். அந்தக் கோடு எனக்குத் திரும்ப வேணும்."

இயக்குநர் உட்கார்ந்தார். ஆழ்ந்த வருத்தம் என்றார். அதை முகத்தில் காட்டும் வசதி அவருக்கு இல்லை. கொஞ்சம் யோசித்துவிட்டு, "அந்தக் கடைசி நாள்ல எங்க பொருளைப் பூசியிருந்தாங்க, இல்லையா?" என்று கேட்டார்.

"பூசியிருந்தேன்."

"அப்ப சரி" என்றார் இயக்குநர்.

சில வாரம் கழித்து வளாகத்தில் ஒரு லிஃப்ட் பாதியில் நின்றுவிட்டது என்று கூப்பிட்டார்கள். வேலையை முடித்துவிட்டு வருகிறவர், இல்லத்தின் கண்ணாடியில் புதிதாக ஒரு வாசகம் பார்த்தார். பெரிய எழுத்து, தனி விளக்கு. 'ஒரே மாதத்தில் எல்லாக் கோடுகளும் போய்விட்டன. சிரிப்பில்லை, அழுகையில்லை, கவலையில்லை. - ஒரு கணவர்.' திரும்பத் திரும்பப் படித்தார். பொய் என்று சொல்ல அதில் ஒரு சொல் இல்லை. செருப்புக் கடைப் படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

மனைவி இருந்த இடத்துக்குப் புதிதாக வேலைக்கு வந்திருந்த பெண் அவரை வாடிக்கைக்காரர் என்று நினைத்து வெளியே வந்தாள். அவர் யாரென்று அவளுக்குத் தெரியாது. அவர் பார்க்கும் திசையில் அவளும் பார்த்தாள்.

"நானும் தினம் பாக்கறேண்ணே. கொஞ்சம் கொஞ்சமா சேத்து ஒரு நாள் வாங்கிடணும்" என்றாள். அப்படிச் சொல்லும்போது சிரித்தாள். கண்ணோரத்தில் மெல்லிசாக ஒரு மடிப்பு விழுந்து மறைந்தது. "அதுல போட்டிருக்கறது நெஜமாண்ணே? கோடெல்லாம் போயிடுமா?"

"போயிடும்மா" என்றார் அவர். "போகாமப் பாத்துக்கோ."